காவலுக்கு அல்சேசியன் நாய் உகந்ததா?

நெல்வயலையும் மரக்கறித் தோட்டத்தையும் காட்டுப்பன்றி, கட்டாக்காலி மாடு, கள்வர் ஆகியோரிடமிருந்து காப்பதற்குக் கமக்காரர் நாய் வளர்த்தல் நெடுநாளைய வழக்கமாகும். அல்சேசியன் குட்டியை அதிக விலை கொடுத்து வாங்க விரும்புவோரும் உளர். அவ்வினம் எவ்வேலைக்காக உண்டாக்கப்பட்டது, அவ்வேலை தமது வீட்டில் உண்டா என்பவற்றை அவர்கள் முதலில் ஆராய்தல் வேண்டும்.

இனத்தின் இயல்பு

அல்சேசியன் ஜேர்மனி நாட்டுச் செம்மறி மேய்ப்பு நாயாகும். 1899 ஆம் ஆண்டு முதல் அது தனியினமாகப் பேணப்பட்டு வருகின்றது. அந்நாட்டில் வேலியற்ற பயிர்நிலங்களின் அருகே மந்தைகள் மேய்க்கப்பட்டன. செம்மறிகள் பயிரில் இறங்காவண்ணம் இந்நாய் எல்லையோரமாக நாள்முழுதும் நடந்து காத்தது. ஆயினும் அது தனித்துக் காக்கவில்லை. மேய்ப்பன் உடனிருந்து ஏவினான். ஏவுவோரும் வேலையும் இல்லாவிடின் இந்நாய் கோழிகளைத் துரத்தும், பாத்திகளைக் கிளறும், வழிச்செல்வோரை மறிக்கும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. பழக்குதல்: குட்டிப் பருவந்தொட்டு நாள்தோறும் பழக்குவதற்கு வீட்டில் ஒருவர் இருத்தல் வேண்டும். விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் இதற்கு நேரங் கிடைக்குமா என எண்ணிப் பார்க்க வேண்டும்.

2. உணவு: வளர்ந்த ஆண் நாய் 30 முதல் 40 கிலோகிராம் வரை நிறையுடையது. சோறும் குழம்பும் மாத்திரம் அதற்குப் போதா. மீன், இறைச்சி, முட்டை முதலியனவும் வேண்டும்.

3. வெப்பம்: இதன் உரோமம் இரு படையாக அடர்ந்து வளர்வது. எனவே நிழலும் குளிர்ந்த நீரும் எப்பொழுதும் வேண்டும். உரோமத்தை அடிக்கடி வாரி உண்ணிகளை அகற்ற வேண்டும்.

4. அயலார்: இரவில் தண்ணீர் பாய்ச்ச வரம்பு வழியே வருவோரையும் பாடசாலைப் பிள்ளைகளையும் நாய் கடித்தால் பெருந் துன்பம் விளையும். உறுதியான வேலியில்லாத வளவுக்கு இந்நாய் ஏற்றதன்று. எந்நேரமும் சங்கிலியிற் கட்டிவைப்பின் அதன் மூர்க்கம் மிகும்.

வனவிலங்குகள்

பெரிய நாயாயினும் காட்டுப்பன்றியின் கொம்பு பட்டால் இறக்கக்கூடும். யானையைக் குரைத்துச் சினமூட்டிய நாய், அது துரத்தும்போது எசமானை நாடியே ஓடிவரும். ஆதலால் இவ்விலங்குகளை எதிர்ப்பதற்கென நாய் வாங்குதல் தவறாகும்.

விசர்நாய்க்கடி நோய்

எவ்வின நாயாயினும் மிருகவைத்தியரின் ஆலோசனைப்படி இந்நோய்க்குத் தடுப்பூசி இடுவித்தல் வேண்டும். நாய் கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நோய் வெளிப்பட்டபின் உயிர் தப்புதல் மிக அரிது.

முடிவு

அந்நியர் வருவதைக் குரைத்து அறிவித்தலே பெரும்பாலான கமக்காரருக்கு வேண்டியது. இதற்கு நாட்டு நாயே போதும். அது வெப்பத்தைத் தாங்கும். சிறிதளவு உணவுடன் வாழும். நாள்தோறும் பழக்க ஆளும், ஏற்ற உணவும், வேலியிட்ட வளவும் உடையோர் மாத்திரம் அல்சேசியனை வளர்க்கலாம். அந்நாய் பத்தாண்டு வரையும், சில வேளை அதற்கு மேலும் வாழும். அத்தனை காலமும் அதனைப் பேணுதல் கூடுமா என்பதைக் குடும்பத்தார் யாவரும் கூடி ஆலோசித்தபின்னரே குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருதல் நன்று.