காட்டுக்குள் எத்தனை குடம் தண்ணீர்?

கோடை விடுமுறையில் ஒரு பிற்பகல். தஞ்சையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் என் அக்காள் மகனும் அவனுடைய தோழர்கள் மூவரும் வட்டமாக உட்கார்ந்து ஒரு காட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். காடு ஒரு தாளில் இருந்தது. மூன்று நாள் நடந்து, ஏழு புலிகளைக் கொன்று, ஒரு சூனியக்காரியையும் வென்றுவிட்டார்களாம்.

"மூன்று நாளாக நடக்கிறீர்களே, யாராவது ஒரு வாய் தண்ணீர் குடித்தீர்களாடா?" என்று கேட்டேன்.

"மாமா, இது மந்திரக் காடு" என்றான் மருமகன்.

மற்றவர்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்கே சற்றுச் சலிப்புத் தட்டியிருந்தது. ஏழாவது புலியைக் கண்டு யார்தான் பயப்படுவார்கள்?

இந்த விளையாட்டை நீங்களும் ஆடியிருக்கலாம். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். "எதிரே ஆறு, என்ன செய்கிறாய்?" என்று கதைசொல்லி கேட்பார். பதிலைச் சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974-இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' இந்த வகைக்கு முன்னோடி. அதில் ஒரு சுவையான செய்தி உண்டு. வெளியுலகப் பயணத்துக்கு, 1972-இல் வந்த 'அவுட்டோர் சர்வைவல்' என்னும் வேறொரு விளையாட்டின் பலகையைப் பயன்படுத்தும்படி அவர்கள் பரிந்துரைத்தார்கள். அந்த விளையாட்டில் வழிதவறியவனுக்கு முக்கியமான பகை பசியும் தாகமுமே. பூதங்களை எழுதியவர்களுக்கும் காடு என்றால் தாகம் என்பது தெரிந்திருந்தது!

சரி, நம் காட்டைச் சீர்செய்வோம் என்று நானும் திண்ணையில் உட்கார்ந்தேன். எந்தக் காடு? 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் உடனே சொல்லிவிடுவீர்கள்: கோடிக்கரை. இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரைதான் அது. 1967-இல் சரணாலயமாக்கப்பட்ட இந்தக் காட்டில் வெளிமான்கள் உண்டு, நரி உண்டு, காட்டுப்பன்றி உண்டு, புலி கிடையாது. வானளாவிய மரங்களும் கிடையாது. பாலையும் முட்புதரும் நெருங்கி வளர்ந்த குட்டையான பசுமைக் காடு. தெற்கிலும் கிழக்கிலும் கடல், மேற்கே உப்புச் சதுப்பு. எங்கு பார்த்தாலும் நீர். ஆனால் குடிக்க முடியாது.

மூன்று வீரர்கள் ஓர் ஓலையைக் கடற்கரையில் காத்திருக்கும் படகுக்குக் கொண்டுபோக வேண்டும். காலம் கத்திரி வெயில். இப்போது கணக்கைத் தொடங்குவோம்.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறான். ஒரு பழைய குண்டு பல்பின் அளவு. மூட்டையுடன் நடந்தால் சுமார் 350 வாட். காற்று உடலைவிடச் சூடாக இருக்கும் நண்பகலில் இந்த வெப்பம் வெளியேற ஒரே வழி வியர்வை ஆவியாவதுதான். ஒரு கிராம் வியர்வை தோலிலிருந்து ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் எடுத்துச் செல்லும். ஒரு மணி நேரத்துக்கு 350-ஐ 3,600-ஆல் பெருக்கி 2,400-ஆல் வகுத்துப் பாருங்கள். 525 கிராம் வருகிறது. இது நடையின் கூலி மட்டும். மேலே காயும் வெயிலுக்கும், கீழே கொதிக்கும் மணலுக்கும் தனிக் கூலி உண்டு. ஆகவே மணிக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டோம். மூவருக்கு 8 மணி நேரத்துக்கு 24 லிட்டர். அதாவது 24 கிலோ சுமை. சுமந்தால் இன்னும் வியர்க்கும்!

இதில் கடற்கரை செய்யும் சூழ்ச்சி ஒன்றும் இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிவிடும். சொட்டிய வியர்வை உடலைக் குளிர்விக்காது. நீர் மட்டும் நட்டம். வேதாரண்யத்தில் 35 டிகிரி, உலர்ந்த ஊரின் 40 டிகிரியைவிட வாட்டுவது இதனால்தான்.

கால் லிட்டருக்கு ஒன்றாகப் புளியங்கொட்டைகளை எண்ணி ஒவ்வொருவன் முன்னும் வைத்தோம். மணிக்கு நான்கு கொட்டை போகும். அவ்வளவுதான், திண்ணை அமைதியாகிவிட்டது. பகலில் நடப்பதா, விடியலிலும் மாலையிலும் நடந்துவிட்டு நடுப்பகலில் நிழலில் கிடப்பதா என்று வாதம் எழுந்தது. வாளை எறிந்துவிட்டு அந்த எடைக்குத் தண்ணீர் எடுக்கலாமா என்று ஒருவன் கேட்டான். புலி வந்தபோது யாரும் இப்படி யோசிக்கவில்லை.

பகடையையும் மாற்றினோம். ஆறுமுகப் பகடையில் எல்லா எண்ணும் ஒரே வாய்ப்புடன் விழும். இயற்கை அப்படி நடப்பதில்லை. தாயம் ஆடும் பாட்டிமாரைப்போல ஆறு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்குங்கள். வீசினால் மூன்று வெள்ளை விழ 64-இல் 20 வாய்ப்பு. ஆறும் வெள்ளையாக விழ 64-இல் ஒன்றே ஒன்று. நடுத்தர எண்களுக்கு முள், எறும்பு, வெளிமான், ஆறுக்கு நல்லபாம்பு. (தேய்த்த கொட்டை சரிபாதியாக விழும் என்று நம்பிவிடாதீர்கள். நூறு முறை வீசி எண்ணிப் பாருங்கள்.)

முதல் நாள் நண்பகலில் வழி தவறியது. ஒருவன் ஆங்கிலப் புத்தகத்தில் படித்ததை நினைவுகூர்ந்து, "உச்சிப்பொழுதில் நிழல் வடக்கே விழும்" என்றான். ஐரோப்பாவில் அது சரி. கோடியக்கரையோ 10 டிகிரி வட அட்சரேகையை அடுத்து இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேரே வந்து, பிறகு ஆகஸ்டு கடைசி வரை நண்பகலில் நமக்கு வடக்கே நிற்கிறது. மே நடுவில் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் ஏறக்குறைய 15 செ.மீ.; அதுவும் தெற்கு நோக்கி! நம் வீரர்கள் வடக்கு என்று எண்ணித் தெற்கே ஆறு கொட்டை தூரம் நடந்தார்கள். மேகம் சூழ்ந்தால் நிலைமை இன்னும் மோசம். 2009-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் சிலரைக் காட்டில் நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியன் தெரியாதபோது அவர்கள் தம்மை அறியாமல் வட்டமடித்தார்கள்.

அடுத்து சேறு. பூங்குழலியைத் துரத்தி ஓடும் வந்தியத்தேவன் புதைசேற்றில் சிக்கும் கட்டம் நினைவிருக்கிறதா? கதைசொல்லி மருமகன் தன் வீரனைத் தலை வரை மூழ்கடிக்கப் பார்த்தான். நான் விடவில்லை. நீரும் மணலும் கலந்த புதைமணலின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் இரண்டு மடங்கு; மனித உடலின் அடர்த்தி தண்ணீரை ஒத்தது. ஆகவே ஆர்க்கிமிடிசு விதிப்படி இடுப்பளவுக்குமேல் மூழ்க முடியாது. ஆனால் வெளியே வருவது எளிதன்று. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் 2005-இல் கண்டபடி, வினாடிக்கு ஒரு செ.மீ. வேகத்தில் காலை இழுக்க ஏறத்தாழ 10,000 நியூட்டன் விசை வேண்டும். ஒரு காரைத் தூக்கும் விசை! காலைச் சுற்றியுள்ள மணல் இறுகிவிடுகிறது. இடைவெளியில் நீர் புகுந்தால்தான் தளரும். நடவு செய்யும் பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? வெடுக்கென்று இழுக்காமல், பாதத்தை மெல்ல ஆட்டி, குதிகாலை முதலில் தூக்கி எடுப்பார்கள். அவசரக்காரன் காலை எடுப்பான், செருப்பு சேற்றில் இருக்கும். நம் வீரன் தப்பினான். ஆனால் மெல்ல ஆட்டியதில் ஒரு மணி நேரம், நான்கு கொட்டை.

இரண்டாம் நாள் மாலை மூவருக்குமாக எட்டுக் கொட்டைகள் மீதி. ஒருவன் கடல்நீரைக் குடிக்கிறேன் என்றான். ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் உப்பு. நம் சிறுநீரகத்தால் ஒரு லிட்டர் சிறுநீரில் ஏறத்தாழ 20 கிராம் உப்பையே வெளியேற்ற முடியும். குடித்த ஒரு லிட்டருக்கு ஒன்றே முக்கால் லிட்டர் செலவு. நான்கு கொட்டை தந்து ஏழைப் பிடுங்கிக்கொள்ளும் கடன்காரன் கடல்.

பிறகுதான் மணல்மேட்டை நினைத்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை கடலோர மணல்மேட்டில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கும். நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரினது 1.025. இந்தச் சிறு வேறுபாட்டால், கடல்மட்டத்துக்குமேல் நன்னீர் ஒரு சாண் நின்றால் கீழே சுமார் நாற்பது சாண் வரை நன்னீரே இருக்கும். பனிப்பாறை கடலில் மிதப்பதை ஒத்த கணக்கு இது. ஆனால் ஊற்றிலிருந்து வேகமாக அள்ளினால் மேல்மட்டம் சாணளவு இறங்க, அடியிலுள்ள உப்புநீர் பன்மடங்கு மேலே ஏறிவரும். அகலமாக, ஆழமில்லாமல் தோண்டி, மேலாக மெல்ல முகர வேண்டும்.

மேட்டின் பின்புறம் தோண்டினார்கள். நீர் கசிந்தது. முதல் சிரட்டை இனித்தது. இரண்டாவதும் இனித்தது. நாளைய நடைக்கும் சேர்த்து நிரப்பிக்கொள்வோம் என்று ஒருவன் ஆழமாகத் தோண்டச் சொன்னான். மற்றவன், விடிய விடிய உட்கார்ந்து சிரட்டை சிரட்டையாக முகரலாம், ஆனால் படகு போய்விடும் என்றான். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மருமகனைப் பார்த்தேன், அவனல்லவா கதைசொல்லி? அவன் ஆறு கொட்டைகளையும் கையில் எடுத்துக்கொண்டு, "முதலில் சொல்லுங்கள், எத்தனை முழம் தோண்டுகிறீர்கள்?" என்றான்.