டர்போ காற்று எங்கே ஒழுகுகிறது?

டீசல் காரில் புல்லிங் இல்லை, மிதித்தால் கறுப்புப் புகை, பானெட்டுக்குள் ‘உஸ்’ என்று ஒரு சத்தம். உடனே ‘டர்போ போச்சு’ என்பார்கள். பல சமயம் டர்போ நன்றாகவே இருக்கும். அது அழுத்தி அனுப்பும் காற்றுதான் ஏதோ ஒரு ஹோஸிலோ இன்டர்கூலரிலோ ஒழுகிக்கொண்டிருக்கும். ஐடிலில் அந்தக் குழாய்களில் அழுத்தம் இல்லாததால், எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விரிசல் அகப்படாது. இன்ஜினை அணைத்து, வெளியிலிருந்து காற்றடித்துப் பார்க்க வேண்டும். பஞ்சர் கடையில் ட்யூபைத் தண்ணீரில் முக்குகிற அதே வேலைதான்.

கருவியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஹார்டுவேர் கடையில் ஒரு சாண் பிவிசி பைப், அதற்கேற்ற எண்ட் கேப், சொல்யூஷன். டயர் கடையில் ஒரு ட்யூப்லெஸ் வால்வு. கேப்பின் நடுவில் 11.5 மி.மீ. துளை போட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, வால்வை உள்ளிருந்து வெளியே இழுத்தால் கச்சிதமாக உட்காரும். கேப்பைப் பைப்பில் ஒட்டி ஒரு நாள் காயவிடுங்கள். அவசரப்பட்டால் கேப் கழன்று பறக்கும். பைப்பின் மறுமுனைக்கும் டர்போ வாய்க்கும் நடுவே ஒரு துண்டு ரப்பர் ஹோஸ், இரண்டு கிளிப். பைப் வாங்கும் முன் டர்போ வாயை அளந்துவிடுங்கள். வண்டிக்கு வண்டி மாறும்.

இன்ஜின் ஆறியபின், ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயை டர்போ வாயில் கழற்றி, அங்கே இதை மாட்டவும். அந்தக் குழாயோடு சேர்த்துக் காற்றடித்தால், அதில் வந்து சேரும் பிரீதர் ஹோஸ் வழியாக அழுத்தம் ஆயில் சம்ப்புக்குப் போய் ஆயில் சீலைத் தள்ளிவிடும். காற்று 10 முதல் 15 பிஎஸ்ஐ போதும், டயருக்கு அடிப்பதில் பாதிகூட இல்லை. பிவிசி அழுத்தக் காற்றைத் தாங்கச் செய்த பொருள் அல்ல. அதிகமானால் சில்லு சில்லாகத் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, கேப்புக்கு நேரே நிற்காமல் வேலை பாருங்கள்.

பிறகு ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பியிருக்கும் ஜாயின்ட்டை முதலில் பாருங்கள். ஒழுகும் காற்றோடு டர்போவின் ஆயில் ஆவியும் வெளியேறுவதால் படியும் அழுக்கு அது. அடுத்து இன்டர்கூலரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு. ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள், வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஆயில் மூடியைத் திறந்தால் லேசாகச் சீறும். திறந்திருக்கும் வால்வும் பிஸ்டன் ரிங்கும் தாண்டி வரும் காற்று, பயப்பட வேண்டாம்.

ஹோஸைத் திரும்ப மாட்டும்போது உள்பக்க எண்ணெயைத் துடைத்துவிட்டு கிளிப்பை முறுக்குங்கள். எண்ணெயோடு மாட்டிய ஹோஸ் முதல் ஓவர்டேக்கிலேயே கழன்றுவிடும்.