பீல், லேசர், பஞ்சுத் திரி

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் கைகளைப் பார்த்திருக்கிறீர்களா? விரல் நுனியெல்லாம் கறுத்து, உள்ளங்கைத் தோல் செதில் செதிலாக உரிந்திருக்கும். முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெயின் வேலை அது. அதிலுள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் பட்ட இடத்தைப் பொசுக்கிவிடும். கையில் சாம்பலையோ விளக்கெண்ணெயையோ தடவிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருகிறார்கள்.

இதே எண்ணெயை வேண்டுமென்றே முகத்தில் பூசிக்கொண்டவர்களும் உண்டு. 1750இல் பார்படோஸ் தீவைப் பற்றிப் புத்தகம் எழுதிய கிரிஃபித் ஹியூஸ் பாதிரியார், வெயிலில் நிறம் மங்கியதாகக் கவலைப்பட்ட அந்தத் தீவுச் சீமாட்டிகள் முந்திரி எண்ணெயைத் தேய்த்து, முகம் வீங்கிக் கறுத்து, சில நாளில் தோல் உரிந்துவிழக் காத்திருந்ததைச் சொல்கிறார்.

இன்று சென்னையின் அழகு சிகிச்சை கிளினிக்குகளில் செய்யும் 'பீல்' சிகிச்சையும் தோலை உரிப்பதுதான். ஆனால் கிளைகாலிக் அமிலம் எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம், எந்தக் கட்டத்தில் அதன் வீரியத்தை முறிப்பது என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. நம் மாநிறத் தோலில் அந்தக் கணக்கு தப்பினால், போக்க வந்த கருமையைவிடப் பெரிய கருமை வந்து உட்கார்ந்துகொள்ளும். லேசரும் அப்படித்தான். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரை மெலனின் அதிகம் உறிஞ்சாது என்பதால்தான் கறுத்த தோலுக்கு அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அழகு சிகிச்சைக்கென்று நம் நாட்டில் தனி எம்.டி. கிடையாது. எம்.பி.பி.எஸ். முடித்து, தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றையும் சேர்த்து மூன்று வருடம் படித்துவிட்டு வருவதுதான் முறையான வழி. சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியிலும் அந்தப் படிப்பு உண்டு. அரசுக் கட்டணம் கேட்டு மாணவர்கள் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2021இல் அது சுகாதாரத் துறையின் கீழ் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியானது. முதுநிலைப் படிப்புக்கு லட்சம் லட்சமாகக் கொட்டிய ஒருவர், படித்து முடித்ததும் பெருநகரத்து லேசர் கிளினிக்கைத் தேடி ஓடினால் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

லேசர் டாக்டருக்குத் தொழுநோய்ப் படிப்பு எதற்கு? முன்கையில் வெளிறிய ஒரு திட்டு. அழகு நிலையத்தில் அதைத் தேமல் என்று சொல்லி ஏதோ ஒன்றைப் பூசி அனுப்பிவிடுவார்கள். முறையாகப் படித்தவர் பஞ்சைத் திரியாகத் திரித்துக்கொள்வார். "கண்ணை மூடிக்குங்கம்மா. தொடுற இடத்தை விரலால காட்டுங்க." நல்ல தோலில் தொட்டபோதெல்லாம் சரியாகக் காட்டிய விரல், திட்டின்மேல் தொட்டபோது அசையாமலே இருக்கும். அடுத்து அவர் கை முழங்கைக்குப் பின்னால் போய் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவும். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைத் தொழுநோய் தாண்டிவிட்டதாக 2005இல் நாடு அறிவித்தது. ஆனால் உலகின் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இன்றும் இந்தியாவில்தான். தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால் கூட்டு மருந்து குணப்படுத்திவிடும், கைகால் முடங்காது.

இன்னொரு கூட்டம் தானே மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு வருவது. "அண்ணே, முகம் வெளுக்குற க்ரீம் ஒண்ணு குடுங்க" என்று மெடிக்கலில் கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்தது: பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால். ரத்தக்குழாய் சுருங்குவதால் முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவப்பு நரம்போடி, பருவும் முடியும் கிளம்பும். நிறுத்தினாலோ எரிச்சல் தாங்காது. திரும்பவும் அதே டியூபை எடுப்பார்கள். இந்தியாவின் பல நகரங்களில் நடத்தி 2011இல் வெளியான ஓர் ஆய்வில், முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு க்ரீம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தோல் மருத்துவர்கள் விடாமல் கேட்டதால், 2018இல் இவை ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் வந்தன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனாலும் விற்கிறார்கள்.

இப்படி வரும் முகத்துக்கு பீலும் கிடையாது, லேசரும் கிடையாது. ஸ்டீராய்டை நிறுத்தி, அல்லது படிப்படியாகக் குறைத்து, மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். "அடுத்த மாசம் கல்யாணம் டாக்டர்" என்று அழுகிற பெண்ணிடம், பத்தாயிரம் ரூபாய் பேக்கேஜை எடுத்து நீட்டாமல் இதைச் சொல்கிறவரிடம்தான் என் வீட்டுப் பிள்ளைகளை அனுப்புவேன்.

(தொடரும்)