மலேசியாவுக்கு விசா வேண்டாம்தான்.. ஆனா வெறும் பாஸ்போர்ட் போதுமா?

"மலேசியாவுக்குத்தான் விசாவே வேண்டாமே, டிக்கெட் போட்டா போதும்" என்று யாராவது சொல்லி நீங்களும் கேட்டிருப்பீர்கள். பாதி சரி. மீதிப் பாதி தெரியாமல் போய் இறங்கினால், கோலாலம்பூர் விமான நிலையத்தில் இருந்தே திரும்ப வேண்டி வரலாம்.

இந்தியர்களுக்கு விசா விலக்கு 2023 டிசம்பர் 1-ல் தொடங்கியது. 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பத்துமலைக்குப் போக, சொந்தக்காரர்களைப் பார்க்க, சும்மா ஊர் சுற்ற என 30 நாட்கள் வரை தங்கலாம்.

ஆனால் எம்டிஏசி என்ற டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி அட்டை. இதற்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. கூகுளில் தேடினால் பணம் கேட்கும் தளங்களும் வரும், ஏமாந்துடாதீங்க. முகவரியில் 'ஐஎம்ஐ டாட் ஜிஓவி டாட் எம்ஒய்' இருந்தால்தான் அது மலேசிய குடிநுழைவுத் துறையின் தளம்.

கவுன்ட்டரில் என்ன கேட்பார்கள்?

பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் விவரம், செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் இவற்றைக் கேட்கலாம். எல்லாம் சரியாக இருந்தாலும், உள்ளே விடுவதா வேண்டாமா என்பது அந்த அதிகாரியின் முடிவு. எங்கே தங்கப் போகிறோம் என்றே சொல்லத் தெரியாதவர் மீது சந்தேகம் வரத்தானே செய்யும்?

"அப்படியே சிங்கப்பூரையும் ஒரு எட்டு பார்த்துடலாம்" என்று நினைத்தால், அங்கே இந்தியர்களுக்கு விசா வேண்டும். ஊரிலேயே எடுத்துவிடுங்கள். மறுபடி மலேசியாவுக்குள் வரும்போது எம்டிஏசியும் புதிதாக நிரப்ப வேண்டும்.

வேலைக்குப் போகலாமா?

கூடவே கூடாது. "இப்போ டூரிஸ்ட்டா போயிடு தம்பி, அங்க போனதும் பெர்மிட் மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே உஷாராகிவிடுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம்தான் முதலில் மலேசிய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும், அதன் பிறகே தொழிலாளி அதற்கான விசாவில் போக முடியும். சுற்றுலாவாகப் போய் வேலை செய்பவருக்கு முதலாளி சம்பளம் தராவிட்டால், புகார் கொடுக்கப் போவதற்கே பயம். 30 நாள் தாண்டித் தங்கினால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே என்கிறது அந்நாட்டுச் சட்டம். ஏஜென்ட்டுக்குக் கொடுத்த கடன் பணம் தனி.

இன்னொன்று. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் 'ஈசிஆர்' முத்திரை இருக்கும். அவர்கள் வேலைக்காக மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போக இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். சிலர் சுற்றுலா என்று சொல்லி அனுப்பப்படுவது இதைத் தாண்டத்தான். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.