சிலந்தி வளர்க்கப் போகிறீர்களா?

பத்தாம் வகுப்பு மாணவி

2021-ஆம் ஆண்டு ஜூலை மாதம் போலந்து நாட்டிலிருந்து சென்னைக்கு ஓர் அஞ்சல் பொட்டலம் வந்தது. சுங்க அதிகாரிகள் ஐயுற்று அதைப் பிரித்தனர். உள்ளே ஒரு தெர்மோகோல் பெட்டி. அதில் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சிறு பிளாஸ்டிக் குப்பிகள். குப்பிகளுக்குள் உயிருள்ள சிலந்திகள்! பொட்டலத்தின் மேலிருந்த முகவரி எந்த ஊர் தெரியுமா? நம் விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டை. அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த டரான்டுலாச் சிலந்திகளாக அவை இருக்கலாம் என்று வல்லுநர்கள் கருதினர். இறக்குமதி உரிமமோ உடல்நலச் சான்றோ இல்லாததால் அவை கைப்பற்றப்பட்டன. வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவதற்காக அஞ்சல் துறையிடம் ஒப்படைக்கப்பட்டன.

எட்டுக்கால் பூச்சியைக் கண்டால் துடைப்பத்தைத் தேடுகிறவர்கள் நாம். அதையே விலை கொடுத்து வாங்கி வளர்ப்பவர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள். முதன்முதலாக அதை வளர்க்க நினைப்பவர் என்னென்ன அறிந்திருக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

டரான்டுலா என்ற பெயர் இத்தாலியிலுள்ள தரந்தோ நகரிலிருந்து வந்தது. அங்கே ஒரு சிலந்தி கடித்தால் விஷம் இறங்கும் வரை ஆட வேண்டும் என்று மக்கள் நம்பினார்கள். அந்தச் சிலந்தி வேறு இனம். பெயர் மட்டும் பின்னாளில் உடலெங்கும் ரோமம் அடர்ந்த இந்தப் பெரிய சிலந்திகளுக்கு வந்து சேர்ந்தது. இவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அமெரிக்கக் கண்டத்து இனங்கள் பலவும் ஆபத்து நேரும்போது வயிற்றின் மேலுள்ள நுண்முட்களைப் பின்னங்காலால் உதறிவிடும். அவை நம் கண்ணிலும் தோலிலும் பட்டால் கடும் அரிப்பு உண்டாகும். நம் நாட்டு இனங்களுக்கு அந்த முட்கள் இல்லை. ஆனால் விஷம் கூடுதல். மரத்தில் வாழும் இந்திய இனங்கள் கடித்தால் நாள்கணக்கில் தசைகள் இழுத்து வலிக்கும். ஆகவே வெளிநாடுகளில் புதிதாக வளர்ப்பவர்களுக்குத் தரையில் வாழும், நிதானமாக நகரும் மெக்சிகோ செம்முழங்கால் சிலந்தி போன்றவற்றையே அனுபவசாலிகள் பரிந்துரைக்கின்றனர்.

அதற்கு வேண்டிய வீடு மிகச் சிறியது. காற்றுத் துளைகளும் இறுக்கமான மூடியும் கொண்ட ஒரு பெட்டி போதும். அடியில் நான்கு விரற்கடை உயரத்திற்குத் தென்னை நார்த்தூள் பரப்ப வேண்டும். ஒளிந்துகொள்ள ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைக்கலாம். தண்ணீருக்கு ஓர் ஆழமில்லாத கிண்ணம். பெட்டி உயரமாக இருக்கக் கூடாது. தரைச் சிலந்தி மேலே ஏறி விழுந்தால் மெல்லிய வயிறு கிழிந்து இறந்துபோகும். பெட்டியின் மேல் வெயில் படக் கூடாது. நம் ஊரில் இன்னொரு பகையும் உண்டு. அதுதான் எறும்பு. மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்திப் பலகாரப் பாத்திரத்தைக் காப்பாற்றுகிறார்களே நம் அம்மாமார், அதே முறை இங்கும் உதவும்.

தண்ணீர் ஏன் அவ்வளவு முக்கியம்? சிலந்தியின் காலை மடக்குவதற்குத் தசை உண்டு. ஆனால் முக்கியமான மூட்டுகளை நீட்டத் தசை இல்லை. உடலிலுள்ள திரவத்தை அழுத்திச் செலுத்தித்தான் காலை நீட்டுகிறது. நீர் வற்றினால் அழுத்தம் குறைந்து கால்கள் உட்புறமாகச் சுருண்டுவிடும். செத்த சிலந்தி எப்போதும் கால்களைச் சுருட்டிக் கிடப்பதற்குக் காரணம் இதுவே.

உணவோ மிகக் குறைவு. வளர்ந்த சிலந்திக்கு வாரம் ஒரு சுவர்க்கோழியோ கரப்பானோ போதும். ஆனால் பருத்திக் காட்டிலும் தோட்டத்திலும் பிடித்த பூச்சியைப் போடக் கூடாது. அதன் உடலில் இருக்கும் பூச்சிமருந்து சிலந்தியையும் கொன்றுவிடும். சிலந்தி சில சமயம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட ஒன்றும் உண்ணாது. புதிதாக வளர்ப்பவர் பதறிப்போவார். அது நோயன்று; சட்டை உரிப்பதற்கான ஆயத்தமாக இருக்கலாம். பிறகு ஒரு நாள் அது மல்லாந்து படுத்துக் கிடக்கும். செத்துவிட்டது என்று எண்ணி எடுத்து எறிந்தவர்களும் உண்டு! அப்போது தொடவே கூடாது. பல மணி நேரம் உழைத்துப் பழைய தோலிலிருந்து ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டு வெளிவரும். புதிய பற்கள் கடினமாகச் சில நாள்கள் ஆகும். அந்நாள்களில் உயிருள்ள பூச்சியை உள்ளே விட்டால், இரையே வேட்டைக்காரனாகி மென்மையான சிலந்தியைக் கடித்துவிடும்.

ஆக, இதை வளர்க்கும் கலையில் பெரும்பகுதி சும்மா இருப்பதுதான். இராஜபாளையம் நாய் தன் எசமானின் காலடி ஓசையை வாசலிலேயே அறிந்து வாலாட்டும். சிலந்திக்கோ வளர்ப்பவரைத் தெரியாது. அதன் பார்வை மங்கல்; ரோமங்களில் படும் அதிர்வுகளாலேயே உலகை அறிகிறது. கையில் எடுத்துக் கொஞ்சுவது நமக்குப் பெருமையாக இருக்கலாம். அதற்கு அது அச்சம் மட்டுமே. பெட்டியை மாற்ற வேண்டுமானால் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, கீழே அட்டையைச் செருகி எடுப்பதே முறை.

இன்னொன்றும் உண்டு. ஆண் சிலந்தி பருவமடைந்தபின் நெடுநாள் வாழாது. செம்முழங்கால் இனத்துப் பெண்ணோ 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். பதினைந்து வயதில் ஒருத்தி ஆசைப்பட்டு வாங்கினால், முப்பத்தைந்து வயதிலும் அதற்கு அவள்தான் இரை போட வேண்டும். புகுந்த வீட்டாரிடம் இப்போதே சொல்லி வைக்க முடியுமா, தோழியரே?

இனி, அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. இதுவே எல்லாவற்றிலும் பெரியது. ஆந்திர மாநிலம் குத்தி என்னும் ஊரின் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரு நீல நிறச் சிலந்தியை 1899-இல் போகாக் என்ற ஆங்கில அறிஞர் விவரித்து எழுதினார். அதன்பின் 102 ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படவில்லை. 2001-இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையிலுள்ள காட்டில் மீண்டும் காணப்பட்டது. அது வாழும் இடம் நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2008-இல் அழிவின் விளிம்பிலுள்ள இனம் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதே சிலந்தி கண்ணாடிப் பெட்டிகளில் குஞ்சு பொரித்து விற்கப்படுகிறது. தாய்மண்ணில் அரிது, அயல்நாட்டில் தாராளம்! பெட்டிகளில் எத்தனை பெருகினாலும் அந்தக் காட்டில் ஒரு மரம்கூட அதனால் பாதுகாக்கப்படவில்லை.

நம் தமிழ்நாட்டிலும் இத்தகைய ஓர் இனம் உண்டு. இராமேசுவரம் தீவில் கண்டறியப்பட்டு, அங்குள்ள அனுமவிலாசம் கோயிலின் பெயரால் 2004-இல் பெயரிடப்பட்ட மரச்சிலந்தி அது. அதுவும் 2008 முதல் அதே அபாயப் பட்டியலில் உள்ளது. பழைய மரங்கள் வெட்டப்பட்டால் அதற்குப் பொந்து இல்லை. பொந்து இல்லையேல் அது இல்லை.

இவ்வகை இந்திய, இலங்கை மரச்சிலந்திகள் அனைத்தும் 2019-இல் பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டன. மெக்சிகோ செம்முழங்கால் சிலந்தி அதற்கு முன்பே அதில் உள்ளது. 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலிருக்கும் நமது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அப்பட்டியலிலுள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் அரசுக்குத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். ஆகவே உரிய தாள்கள் இல்லாமல் குப்பியில் வரும் சிலந்தியை ஒருபோதும் வாங்கக் கூடாது. அது பண்ணையில் பிறந்ததா, காட்டில் பிடிபட்டதா என்பதைச் சொல்ல அந்தக் குப்பிக்கு வாயில்லை.

பிளவக்கல் அணைக்குப் பின்னே எழும் நம் மலை 1988-இல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயமான காட்டைச் சேர்ந்தது. 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும் ஆகும். புலிக்கும் அணிலுக்கும் உள்ள காப்பு அந்தக் காட்டின் சிலந்திக்கும் உண்டு. அணைக்கட்டுப் பக்கத்துத் தோப்பில் ஒரு பழைய புளியமரப் பொந்திலோ மரப்பட்டை இடுக்கிலோ பெரிய சிலந்தி ஒன்றைக் கண்டால் குச்சியால் குத்த வேண்டாம். புகை போட வேண்டாம். புட்டியில் அடைக்கவும் வேண்டாம். இருட்டிய பிறகு பெரியவர்கள் துணையோடு டார்ச் விளக்குடன் சென்று, நாலடி தள்ளி நின்று பாருங்கள். பொந்தின் வாயில் அது அசையாமல் காத்திருக்கும். அதற்கு இரை போட வேண்டியதில்லை, தண்ணீர் வைக்க வேண்டியதில்லை, இருபது ஆண்டுக் கவலையும் இல்லை. அந்த மரத்தை வெட்டாமல் காத்தால், சிலந்தி வளர்த்தவர்கள் ஆவோம்.