ஃபிரிட்ஜுக்கு அலமாரி கட்டும் முன் கொஞ்சம் யோசிப்போம்



ஒரு காலத்தில் நம் வீடுகளில் ஃபிரிட்ஜ் கூடத்தில்தான் இருந்தது. வருகிறவர் கண்ணில் பட வேண்டும் என்று தெருக்கதவுக்கு நேராக நிறுத்தி, தலையில் பூப்போட்ட துணி விரித்து, கைப்பிடிக்குக்கூட உறை போட்டு வைத்திருந்தோம். இந்தியக் கம்பெனிகளில் முதலாவதாக கோத்ரெஜ் 1958-ல் ஃபிரிட்ஜ் செய்யத் தொடங்கியது. அது நம் ஒடுகத்தூர் போன்ற சிற்றூர் வீடுகளுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. ஆகவே அதைக் காட்டிக்கொள்வதில் ஒரு பெருமை இருந்தது.

இப்போது நிலைமை தலைகீழ். புதிதாக வீடு கட்டும் பிள்ளைகள், ஃபிரிட்ஜ் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது, சமையலறை அலமாரிக்குள் பதித்தது போல் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஆசைப்படுவதில் தவறில்லை. பார்வைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விவரம் தெரியாமல் செய்தால் பணமும் போகும், பொருளும் போகும். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நம் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

எங்கள் வீட்டில் நடந்தது

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் சமையலறையைப் புதுப்பித்தோம். நல்ல கைவேலைக்கார ஆசாரி. அவரிடம் நாங்கள்தான், "ஒரு விரல் நுழையும் சந்துகூடத் தெரியக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னோம். அவரும் சொன்னபடியே செய்தார். பின்னால் பலகை, இரு பக்கமும் பலகை, தலைக்கு மேல் பரண், நடுவில் கச்சிதமாக ஃபிரிட்ஜ். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

தை, மாசி மாதங்களில் ஒரு குறையும் இல்லை. கத்திரி வெயில் தொடங்கியதும் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியது. நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரவு திரும்பிக் கதவைத் திறந்தால் உள்ளே வெளிக்காற்றைப் போல் இருந்தது. பால் திரிந்து, மாவு பொங்கி வழிந்திருந்தது. அவை போனால் போகட்டும். வீட்டில் அம்மாவுக்குப் போடும் இன்சுலினும் அதற்குள் இருந்தது. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பது சர்க்கரை நோயாளிகள் உள்ள எல்லா வீட்டுக்கும் தெரியும். எவ்வளவு நேரம் சூட்டில் கிடந்தது என்று தெரியாத மருந்தை உடம்பில் ஏற்ற முடியுமா? டாக்டரைக் கேட்டு, எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கினோம்.

மறுநாள் வந்த மெக்கானிக் ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. ஃபிரிட்ஜை வெளியே இழுத்துக் கூடத்தில் நிறுத்தி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, பிளக்கை மாட்டினார். ஓடத் தொடங்கியது. "மெஷினில் கோளாறு இல்லை அய்யா, மூச்சு விட இடம் இல்லை" என்றார். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மூட்டைக்குத் தெரிந்தது ஃபிரிட்ஜுக்குத் தெரியவில்லை

வெட்கப்படக் காரணம் உண்டு. கிடங்கில் மிளகாய் மூட்டையோ புளி மூட்டையோ இறக்கினால் சுவரை ஒட்டி அடுக்குவோமா? அடியில் கட்டை போடுகிறோம், சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே இடம் விடுகிறோம். காற்று புகாவிட்டால் சரக்கு புழுங்கிவிடும் என்பது கடைப் பையனுக்கும் தெரியும். ஃபிரிட்ஜ் விஷயமும் இதுதான்.

ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. அது இழுக்கும் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகித்தான் வெளியே வருகிறது. பழைய ஃபிரிட்ஜுகளில் பின்பக்கம் கருப்புக் கம்பிச் சட்டம் இருக்கும். வெப்பம் அதன் வழியே போகும். புதியவை பலவற்றில் அந்தக் குழாய்கள் பக்கத் தகட்டுக்குள் மறைந்திருக்கின்றன. ஓடும்போது பக்கங்களைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான். அந்த வெப்பம் போக வழியில்லாமல் பலகைக்குள் தங்கினால், ஃபிரிட்ஜ் தான் வெளியேற்றிய வெப்பத்திலேயே தான் வேக வேண்டியதுதான்.

ஃபிரிட்ஜின் குறிப்புப் புத்தகத்திலோ உட்புறச் சீட்டிலோ தட்பவெப்ப வகை என்று ஓர் எழுத்துக் குறி இருக்கும். ‘என்’ என்றால் சுற்றியுள்ள காற்று 32 டிகிரி வரை, ‘எஸ்டி’ என்றால் 38 வரை, ‘டி’ என்றால் 43 வரை இருக்கும் இடத்துக்கு ஏற்றது என்று பொருள். நம் வேலூர் வட்டாரத்தில் கோடையில் வெளியிலேயே 40-ஐத் தாண்டுவது புதிதல்ல. அடுப்பும் எரியும் சமையலறையில், மூடிய பெட்டிக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்த பிறகு பழைய வாயு ஒழிக்கப்பட்டது. இப்போது வீட்டு ஃபிரிட்ஜுகளில் பெரும்பாலும் ‘ஆர் 600ஏ’ என்னும் வாயு இருக்கிறது. அளவு மிகக் குறைவுதான். ஆனால் தீப்பற்றக் கூடியது. காற்று வரும் துளைகளை அடைக்காதீர்கள் என்று குறிப்புப் புத்தகங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

படத்தில் இருப்பது வேறு

பிள்ளைகள் படத்தில் காட்டுகிற ஃபிரிட்ஜ், அலமாரிக்குள் பதிக்கவென்றே தனியாகச் செய்யப்படுவது. அதன் கதவின் மேல் நம் மரக் கதவையே பொருத்தலாம். விலையும் அதிகம். அதற்கும்கூடக் கீழே காற்று புகவும் மேலே வெளியேறவும் திறப்பு வேண்டும். ஒவ்வொன்றும் குறைந்தது 200 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று அவற்றின் குறிப்புகள் சொல்கின்றன. அதாவது 16 அங்குல நீளம், 2 அங்குல அகலமுள்ள ஒரு திறப்பு. நாம் கடையில் வாங்குவது தனியாக நிறுத்தும் ஃபிரிட்ஜ். அதை முழுவதும் மறைக்க முடியாது. பதித்தது போன்ற தோற்றத்தை மட்டும் கொண்டுவரலாம். அதற்கான வழிகளைக் கீழே தருகிறோம்.

கவனிக்க வேண்டியவை

1. முதலில் ஃபிரிட்ஜ், பிறகு அலமாரி. எந்த ஃபிரிட்ஜ் என்று முடிவு செய்து, அளவை நாமே டேப் வைத்து எடுத்த பிறகுதான் ஆசாரியை அழைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் பத்துப் பதினைந்து வருடத்தில் மாறும். அலமாரி அதற்குப் பிறகும் இருக்கும். அடுத்து வாங்குவது இதைவிடப் பெரிதாக இருக்கலாம் என்பதால் இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

2. இடைவெளி. குறிப்புப் புத்தகத்தில் உள்ள அளவே முக்கியம். புத்தகம் கிடைக்காவிட்டால், பின்னால் 3 அங்குலம், பக்கத்துக்கு 2 அங்குலம், தலைக்கு மேல் குறைந்தது 4 அங்குலம் என்று நாங்கள் வைத்துக்கொள்கிறோம். ஃபிரிட்ஜ் 24 அங்குல அகலம் என்றால் உள் அகலம் 28 அங்குலம் வேண்டும்.

3. ஆழம். சமையல் மேடை வழக்கமாக 2 அடி ஆழம். ஃபிரிட்ஜ் அதைவிட ஆழமானது, அதனால்தான் துருத்துகிறது. உதாரணமாக, மொத்த ஆழம் 27 அங்குலம், அதில் கதவு 3 அங்குலம் என்று வைப்போம். மீதி உடல் 24, பின் இடைவெளி 3. ஆகப் பக்கப் பலகை 27 அங்குலம். உடல் பலகைக்குள் மறையும், கதவு மட்டும் வெளியே நிற்கும். பதித்த தோற்றத்தின் ரகசியமே இதுதான். கதவையும் உள்ளே தள்ளினால் திறக்கும்போது பலகையில் இடிக்கும்.

4. காற்றின் பாதை. பின்னால் பலகை கூடவே கூடாது, சுவரே போதும். சூடான காற்று மேலே ஏறும் குணமுடையது. ஆகவே மேல் பரணின் பின்புறத்தைச் சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி நிறுத்தி, அது கூரையைத் தொடாமல் மேலே திறந்து விட வேண்டும். பக்கத்துச் சந்து கண்ணை உறுத்துகிறது என்றால் உட்பக்கம் கருப்பு சன்மைக்கா ஒட்டுங்கள். தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. சந்தை அடைத்துப் பட்டி அடிக்காதீர்கள்.

5. கதவு. காய்கறித் தட்டை முழுவதும் இழுக்கக் கதவு 90 டிகிரிக்கு மேல் திறக்க வேண்டும். கீல் இருக்கும் பக்கம் சுவர் வந்தால் இன்னும் 3, 4 அங்குலம் தள்ளி அமையுங்கள்.

6. தரையும் பிளக்கும். ஃபிரிட்ஜின் அடியில் பலகை வேண்டாம், தரைமேலேயே நிற்கட்டும். முன்னால் படிபோல் கட்டிவிட்டால் ரிப்பேருக்கு வெளியே இழுக்க முடியாது. பிளக் பாயின்டும் ஸ்டெபிலைசரும் ஃபிரிட்ஜின் முதுகுக்குப் பின்னால் இல்லாமல், கை எட்டும்படி பக்கத்து அலமாரியில் இருக்கட்டும். எர்த் இணைப்பு கட்டாயம் வேண்டும்.

7. இடமும் மரமும். அடுப்பை ஒட்டியோ, மேற்கு வெயில் விழும் இடத்திலோ வேண்டாம். தொட்டிக்கு அருகில் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் பிளைவுட் நல்லது.

கடைக்கும் இதே கணக்கு

வீட்டை மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. நம் கடைகளில் கண்ணாடிக் கதவு வைத்த கூலரை ரேக்குகளுக்கு நடுவே செருகி, தலையில் பிஸ்கட் அட்டைப் பெட்டிகளை அடுக்கி, முன்னால் எண்ணெய் டின்னை வைக்கிறோம். இந்தக் கூலர்களுக்கு மூச்சு பெரும்பாலும் அடிப்பக்கம்தான். ஐஸ்கிரீம் வைக்கும் ஃப்ரீசருக்குப் பக்கங்கள் சுடும்; அதை ஒட்டிச் சாக்லேட் அட்டையை வைத்தால் உருகி நஷ்டம். மாவு, மிளகாய்த்தூள் பறக்கும் மளிகைக் கடையில் கம்பிச் சட்டத்தில் தூசி படை படையாக அப்பிக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிளக்கைக் கழற்றிவிட்டுப் பிரஷ்ஷால் தட்டி எடுத்தால் போதும்.

மூச்சு முட்டும் மெஷின் நிற்காமல் ஓடும். மீட்டரும் கூடவே ஓடும். கடைக்கு வணிகக் கட்டணம் என்பது தெரிந்ததே. வீட்டிலும் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டண விகிதமே மாறிவிடுகிறது. அழகுக்காக அடைத்த மூன்று அங்குலத்துக்கு மாதாமாதம் வாடகை கொடுப்பது போலத்தான் இது.

எங்கள் வீட்டில் பின்பலகையை அறுத்தெடுத்தோம், பரணைத் தூக்கி மாட்டினோம், ஒரு பக்கப் பலகையை அகற்றி இரண்டு அங்குலம் தள்ளி அடித்தோம். செய்த வேலையைப் பிரித்துச் செய்ததில் ஆசாரிக்கு இரண்டாவது கூலி. அடுத்த கத்திரி வெயிலில் ஃபிரிட்ஜ் ஒரு நாளும் நிற்கவில்லை. பார்ப்பதற்கும் குறைவில்லை; சந்து இருப்பது சொன்னால்தான் தெரிகிறது.

நம் ஊர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்குகிறவர் தோலின் பளபளப்பை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். வீட்டு வேலையிலும் அந்த வியாபாரப் புத்தி நமக்கு வேண்டும். இந்த ஆண்டு வீடோ கடையோ புதுப்பிக்க இருக்கும் நண்பர்கள், ஆசாரி பலகையை அறுப்பதற்கு முன் ஃபிரிட்ஜின் குறிப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்து, இடைவெளி அளவைச் சுவரில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.