படுக்கையை நனைக்கும் பிள்ளையை அடிக்காதீங்க. திடீரென ஆரம்பித்தால் காத்திருக்காதீங்க

காலையில் ஈரப் பாயைப் பார்த்ததும் "இவ்வளவு பெரிய பிள்ளை, இன்னுமா?" என்று கத்தாத வீடு குறைவு. சில வீடுகளில் அடி விழும். சில வீடுகளில் சொந்தக்காரர்கள் முன்னால் கேலி. சூடு வைத்துவிடுவேன் என்று மிரட்டுபவர்களும் உண்டு, வைத்தே விடுபவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான்: "சோம்பேறித்தனம், எழுந்து போக மனசு வரல." அது உண்மை இல்லை. தூக்கத்தில் போகும் சிறுநீர் பிள்ளையின் கட்டுப்பாட்டில் இல்லை. தன் கையில் இல்லாத ஒன்றுக்காக அடி வாங்கும் பிள்ளை, அடுத்த நாள் ஈரத் துணியை ஒளித்து வைக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். இரவில் சிறுநீர் அதிகம் சுரக்காமல் இருக்க, மூளையிலிருந்து வாசோபிரசின் என்ற ஹார்மோன் வருகிறது. சில பிள்ளைகளுக்கு அது இரவில் போதிய அளவு சுரப்பதில்லை. சிலருக்குச் சிறுநீர்ப்பை சீக்கிரம் நிறைந்துவிடும். 6 வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை கொள்வது சுமாராக 210 மில்லி, அதாவது ஒரு டம்ளர் அளவு. 'நிறைந்துவிட்டது, எழுந்திரு' என்று சிறுநீர்ப்பை சொல்வது, ஆழ்ந்து தூங்கும் மூளைக்கு எட்டுவதும் இல்லை. இந்த மூன்றும் சரியாக வேலை செய்ய ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு வயது ஆகும்.

அதனால்தான் 5 வயதுக்கு முன்னால் இதை மருத்துவர்கள் ஒரு பிரச்சினையாகவே எடுப்பதில்லை. 5 வயதில் 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 15 பேர் படுக்கையை நனைக்கிறார்கள். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு இது அதிகம். எந்த மருந்தும் இல்லாமலே, இவர்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு ஒவ்வொரு ஆண்டும் தானாக நின்றுவிடுகிறது. குடும்ப வழியாகவும் வரும்: அப்பா அம்மாவில் ஒருவருக்குச் சிறு வயதில் இருந்திருந்தால், பத்தில் நான்கு பிள்ளைகளுக்கு மேல் வரலாம். திட்டுவதற்கு முன் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, உங்கள் கதையே வெளியே வரும்! எள்ளுருண்டை கொடுத்து நின்றது என்பவர்கள் பலர். நல்ல தின்பண்டம், கொடுங்க. ஆனால் நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் கூடிய வயதுதான்.

வீட்டில் கவனிக்க வேண்டியது இரவைவிடப் பகலைத்தான். நிறைய பிள்ளைகள் பள்ளியில் தண்ணீர் குடிப்பதில்லை, கழிப்பறைக்கும் போவதில்லை. நாற்றம், உடைந்த தாழ்ப்பாள், "இப்பதான போன, உட்காரு" என்ற அதட்டல் எல்லாம் காரணம். பாட்டிலில் கொண்டுபோன தண்ணீர் அப்படியே திரும்பி வரும். சாயந்தரம் வந்ததும் தாகம் தாங்காமல் மடக் மடக்கென்று குடிப்பார்கள், இரவு 9 மணிக்கு ஒரு டம்ளர் பால் வேறு. அது முழுவதும் இரவில்தான் இறங்கும். பெரும்பகுதித் தண்ணீரை மாலைக்குள் குடிக்க வைத்து, தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிறுத்திவிடுங்க. பகல் முழுக்கத் தண்ணீரையே குறைப்பது தவறு. டீ, காபி, கோலா வேண்டாம். வகுப்பு ஆசிரியரைத் தனியாகப் பார்த்து, கேட்டபோது கழிப்பறைக்கு அனுப்பச் சொல்லுங்க. பள்ளியில் பிள்ளையை அடிப்பதும் மனம் நோகடிப்பதும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை.

பலர் தவறவிடும் இன்னொரு காரணம் மலச்சிக்கல். சிறுநீர்ப்பைக்கு நேர் பின்னால்தான் மலக்குடல் இருக்கிறது. அங்கே மலம் கட்டிப்போய் இருந்தால் சிறுநீர்ப்பையை அழுத்தும். தினமும் போகாத பிள்ளை, கட்டியாகப் போகும் பிள்ளை, வலிக்கிறது என்று அடக்கும் பிள்ளை என்றால் முதலில் அதைச் சரிசெய்யணும். கீரை, பழம், பயறு, தண்ணீர், காலையில் அவசரப்படுத்தாமல் பத்து நிமிடம். இதற்கே படுக்கை நனைவது நின்ற பிள்ளைகள் உண்டு.

படுக்கும் முன் கழிப்பறைக்கு அனுப்புங்க, வழியில் சின்ன விளக்கு எரியட்டும், விரிப்புக்கு அடியில் ரப்பர் ஷீட் போடுங்க. நடு இரவில் போனில் அலாரம் வைத்துத் தூக்கிக்கொண்டு போனால் அன்றைக்குப் பாய் காயும், அவ்வளவுதான். தானாக எழும் பழக்கம் அதனால் வராது. பரிசு கொடுக்க நினைத்தால், நனைக்காத இரவுக்குக் கொடுக்காதீங்க. பகலில் தண்ணீர் குடித்ததற்கும் படுக்கும் முன் போய் வந்ததற்கும் கொடுங்க. பிள்ளையின் கையில் இருப்பது அதுதானே.

இனி, காத்திருக்கக் கூடாத நிலை. ஆறு மாதமோ அதற்கு மேலோ நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென நனைக்க ஆரம்பிக்கிறது. கூடவே தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறது, அடிக்கடி சிறுநீர் போகிறது, உடம்பு இளைக்கிறது, சோர்ந்து கிடக்கிறது. இது குழந்தைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோயாக இருக்கலாம். "குழந்தைக்கு ஏது சுகர்?" என்று நினைத்து ஒரு வாரம் தள்ளுவது உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்க, சில நொடிதான் ஆகும். வாந்தி, வயிற்று வலி, வேகமாக மூச்சு வாங்குதல், மயக்கம் இருந்தால் நேராக 108.

சிறுநீர் போகும்போது எரிச்சல், காய்ச்சல், பகலிலும் சொட்டுதல், தாரை மெலிந்து போவது, நடையில் மாற்றம், தினமும் பலமான குறட்டை இருந்தாலும் மருத்துவரைப் பாருங்க. புதிதாகத் தம்பி பிறந்தது, வீடு மாறியது, வீட்டில் சண்டை ஆகியவையும் தூண்டலாம். யாரோ ஒருவரைக் கண்டாலே பிள்ளை பயந்து ஒடுங்குகிறது என்றால் பொறுமையாகக் கேளுங்க. துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால் 1098 இருக்கிறது. சூடு வைப்பது தெரிந்தாலும் அதே எண்தான்.

6, 7 வயதாகியும் தொடர்ந்து, பிள்ளையும் மனம் வாடினால் சிகிச்சை உண்டு. ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரம் கருவியை இரண்டு மூன்று மாதம் விடாமல் பயன்படுத்தினால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பலன் கிடைக்கிறது. டெஸ்மோபிரசின் மருந்தும் இருக்கிறது. ஆனால் அதைச் சாப்பிட்ட இரவு அதிகத் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் உப்பு ஆபத்தான அளவுக்குக் குறையும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மருந்து இல்லை இது.

எங்கே போவது? ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம். அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் குழந்தைகளைப் பரிசோதிக்க வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தால் 104-ஐ அழைத்து ஆலோசனை கேளுங்க. இ-சஞ்சீவனி செயலியில் போன் எண்ணைப் பதிந்து வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேசலாம்.

பேசும் முன் இரண்டு வாரம் போனில் குறித்து வையுங்க: எந்த இரவு நனைந்தது, பகலில் எத்தனை தடவை போனது, எவ்வளவு குடித்தது, மலம் எப்படி இருந்தது. மருத்துவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான். மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருந்தால் மட்டும் குறிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம்.